சேமித்த பாஸ்வேர்டு யார் கையில்? ஆடிட்டர் ஆபீஸ் நெட்வொர்க்கில் லாகின்களை ஒழுங்குபடுத்தும் முறை

மாதாந்தர ஜிஎஸ்டி ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கலுக்குக் கடைசி நாள் 20-ஆம் தேதி. அன்று மாலை ஆடிட்டர் ஆபீஸில் அடிக்கடி கேட்கும் கேள்வி, "தம்பி, அந்த நூல் மில்லு பார்ட்டியோட பாஸ்வேர்டு என்ன?" பதிலும் தயாராக இருக்கும்: "நடு சிஸ்டத்துல சேவ் ஆகியிருக்குக்கா, அங்க உக்காந்து ஓப்பன் பண்ணுங்க." அந்த நடு சிஸ்டத்துக்கு விண்டோஸ் பாஸ்வேர்டு கிடையாது. குரோமைத் திறந்தால் அத்தனை கிளையன்ட் லாகினும் வரிசை கட்டி நிற்கும். வேலை வேகமாக முடிகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த நாற்காலியில் உட்காரும் யாரும், டோனர் மாற்ற வந்தவர் உட்பட, கிளையன்ட்டின் வரிக் கணக்கைத் திறந்துவிடலாம். நம்பித் தந்த பாஸ்வேர்டை அப்படித் திறந்து வைத்திருப்பது கிளையன்ட்டுக்குச் செய்யும் துரோகம்.

5 முதல் 15 கம்ப்யூட்டர் வரை உள்ள, டொமைன் கன்ட்ரோலர் (எல்லா லாகினையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் சர்வர்) இல்லாத, விண்டோஸ் 10 அல்லது 11 ஓடும் ஆபீஸை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். ஒரு கம்ப்யூட்டரின் டி டிரைவை ஷேர் செய்து அதையே "சர்வர்" என்று அழைக்கும் ஆபீஸ், அல்லது ஒரு நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் எல்லோரும் பயன்படுத்தும் ஹார்ட் டிஸ்க் பெட்டி) வைத்திருக்கும் ஆபீஸ். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அதனால் சர்வராக ஓடும் மெஷினையாவது முதலில் 11-க்கு மாற்றிவிடுங்கள்.

பூட்டும் சாவியும்

விண்டோஸ் தன் லாகின்களைச் சேமிக்கும் கிரெடென்ஷியல் மேனேஜர், குரோம், எட்ஜ் எல்லாமே பாஸ்வேர்டைப் பூட்டித்தான் வைக்கின்றன. அந்தப் பூட்டுக்கான சாவி விண்டோஸ் அக்கவுன்ட்டின் லாகினோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. லாகின் ஆனதும் பூட்டு தானாகத் திறந்துகொள்ளும். எதிரே உட்கார்ந்திருப்பது யார் என்று அது பார்ப்பதில்லை. "ஆபீஸ்" என்ற ஒரே அக்கவுன்ட்டில் நாலு பேர் வேலை செய்தால் நாலு பேருக்கும் ஒரே பெட்டி, ஒரே சாவி. குரோமில் ஆளுக்கொரு புரொஃபைல் போட்டுக்கொடுத்தாலும் காப்பு கிடையாது. ஒரே விண்டோஸ் அக்கவுன்ட்டுக்குள் அடுத்தவர் புரொஃபைல் படத்தைக் கிளிக் செய்தால் அது திறந்துவிடும். பாஸ்வேர்டு திருடும் வைரஸும் இதே வழியில்தான் வேலை செய்கிறது: லாகின் ஆனவரின் பெயரில் ஓடி, அவருக்குத் திறந்திருக்கும் பெட்டியை அள்ளிக்கொண்டு போகும்.

ஆகவே முதல் வேலை ஆட்களைப் பிரிப்பது. பாஸ்வேர்டுகளைத் தொடுவது அதற்குப் பிறகு. தலைகீழாகச் செய்தால் எல்லாவற்றையும் இரண்டு முறை செய்ய வேண்டியிருக்கும்.

ஆளுக்கொரு அக்கவுன்ட்

ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் அட்மின் அக்கவுன்ட் ஒன்று இருக்கட்டும்; அதன் பாஸ்வேர்டு பார்ட்னருக்கும் சிஸ்டம் பார்ப்பவருக்கும் மட்டும் தெரியட்டும். மற்றவர்களுக்கு ஸ்டாண்டர்ட் யூசர். செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ், அதர் யூசர்ஸ், ஆட் அக்கவுன்ட் என்று போனால் விண்டோஸ் ஈமெயில் முகவரி கேட்கும். அங்கே "இவருடைய சைன்-இன் விவரம் என்னிடம் இல்லை" என்ற லிங்க்கையும், அடுத்த திரையில் "மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் இல்லாமல் யூசரைச் சேர்" என்ற லிங்க்கையும் அழுத்துங்கள். லோக்கல் அக்கவுன்ட் உருவாகிவிடும். சொந்த மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் ஸ்டாஃப் நுழைந்தால், எட்ஜில் சேமிக்கும் பாஸ்வேர்டு அவர் வீட்டுக் கம்ப்யூட்டர் வரை போய்விடும். லோக்கல் அக்கவுன்ட்டை வற்புறுத்துவது அதனால்தான்.

யூசர் பெயரைச் சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். ஆர்ட்டிகிள்களுக்கு (ஆடிட்டரிடம் பயிற்சி பெறும் சிஏ மாணவர்கள்) "ஆர்ட்டிகிள்1", "ஆர்ட்டிகிள்2" என்று பொதுப் பெயர் கொடுக்காதீர்கள். ஒருவர் முடித்துப் போய் அடுத்தவர் அதே அக்கவுன்ட்டில் உட்கார்ந்தால், பழையவர் சேமித்தது அத்தனையும் புதியவருக்கு அப்படியே போய்ச் சேரும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஸ்டாஃப் தன் விண்டோஸ் பாஸ்வேர்டை மறந்துவிட்டால், அட்மின் போய் அதை ரீசெட் செய்வது வழக்கம். அப்படிச் செய்தால் அந்த அக்கவுன்ட்டில் சேமித்திருந்த லாகின்களைத் திறக்க முடியாமல் போகும். காரணம் மேலே சொன்னதுதான்: சாவி பழைய பாஸ்வேர்டிலிருந்து செய்யப்பட்டது. யூசர் தானே கன்ட்ரோல்-ஆல்ட்-டெலிட் அழுத்தி, பழையதைக் கொடுத்துப் புதியதை மாற்றினால் சிக்கல் வராது. பாஸ்வேர்டு மாற்றும் நாளில் அட்மின் ஒவ்வொரு சிஸ்டமாகப் போய் மாற்றுவதைவிட, அவரவரை உட்காரவைத்து மாற்றச் சொல்வதே சரி.

ஐந்து நிமிடம் தொடாமல் இருந்தால் திரை பூட்டிக்கொள்ளும்படி ஸ்கிரீன்சேவர் செட்டிங்கில் நேரத்தைக் குறித்து, "திரும்பும்போது லாகின் திரை காட்டு" என்பதில் டிக் வையுங்கள். எழுந்து போகும்போது விண்டோஸ் கீயும் எல்லும் சேர்த்து அழுத்தும் பழக்கம் வர ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

சர்வருக்குள் போக எதையும் சேமிக்காமல் ஒரு வழி

டொமைன் இல்லாத நெட்வொர்க்கில், ஷேர் ஃபோல்டரைத் திறக்கும்போது விண்டோஸ் முதலில் எதைக் கொடுத்துப் பார்க்கிறது தெரியுமா? இப்போது லாகின் ஆகியிருக்கும் யூசர் பெயரையும் பாஸ்வேர்டையும்தான். சர்வரிலும் அதே பெயரில், அதே பாஸ்வேர்டில் ஒரு லோக்கல் அக்கவுன்ட் இருந்தால் கேள்வியே கேட்காமல் உள்ளே விட்டுவிடும். கவிதா என்பவருக்கு அவர் சிஸ்டத்தில் "கவிதா" என்ற அக்கவுன்ட் இருந்தால், சர்வரிலும் "கவிதா" என்றே ஒன்று உருவாக்குங்கள். அதற்குப் பிறகு கிரெடென்ஷியல் மேனேஜரில் எதையும் சேமிக்க வேண்டியதில்லை. யார் எந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறார் என்பதும் சர்வரில் பெயரோடு தெரியும்: கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்டில் ஷேர்டு ஃபோல்டர்ஸ், அதற்குள் யார் இணைந்திருக்கிறார் என்பதற்கு செஷன்ஸ், எந்தக் கோப்பு என்பதற்கு ஓப்பன் ஃபைல்ஸ். இதற்கு நீங்கள் கொடுக்கும் விலை ஒன்றுதான்: பாஸ்வேர்டை ஓர் இடத்தில் மாற்றினால் மறு இடத்திலும் மாற்ற வேண்டும்.

சாதாரண விண்டோஸ் புரோ மெஷினை சர்வராக வைத்தால் ஒரே நேரத்தில் 20 இணைப்புகள்தான் கிடைக்கும். ஸ்கேனரும் பேக்கப்பும்கூட இந்தக் கணக்கில் சேரும்.

"எல்லோருக்கும் கெஸ்ட்டாக, பாஸ்வேர்டே கேட்காமல் திறந்துவிடலாமே" என்று நாஸ் பெட்டி விற்பவர்கள் சொல்லலாம். விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பில் புரோ எடிஷன் அப்படிப்பட்ட கெஸ்ட் இணைப்பை மறுத்துவிடும். அப்டேட் ஆன மறுநாள் காலை "நாஸ் வரவில்லை" என்ற புகார் கிளம்புவது இதனால்தான். பாலிசியை (அட்மின் வைக்கும் கட்டாய செட்டிங்) மாற்றிப் பழையபடி கெஸ்ட்டை அனுமதிக்க வழி இருக்கிறது, அதைச் செய்யாதீர்கள். நாஸில் ஆளுக்கொரு யூசர் போடுவதற்கு அரை மணி நேரம்தான் ஆகும்.

கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து பார்ப்போம்

ஏற்கெனவே பல வருடமாக ஓடும் ஆபீஸில் பழைய குப்பை நிறைய சேர்ந்திருக்கும். கன்ட்ரோல் பேனலில் யூசர் அக்கவுன்ட்ஸ், அதற்குள் கிரெடென்ஷியல் மேனேஜர். இரண்டு பெட்டிகள் தெரியும்: வெப் கிரெடென்ஷியல்ஸ், விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ். இரண்டாவதைக் கிளிக் செய்யுங்கள்.

ஒவ்வொரு வரியிலும் இடது பக்கம் சர்வரின் பெயரோ ஐபி முகவரியோ, வலது பக்கம் கடைசியாக மாற்றிய தேதி, ஓரத்தில் ஓர் அம்புக்குறி. அம்புக்குறியை அழுத்தினால் யூசர் பெயர், எட்டுப் புள்ளிகளாக மறைத்த பாஸ்வேர்டு, அடியில் எடிட், ரிமூவ். அந்த எட்டுப் புள்ளியை வைத்துப் பாஸ்வேர்டின் நீளத்தைக் கணக்கிட வேண்டாம். எந்தப் பாஸ்வேர்டுக்கும் எட்டுதான். வெப் பெட்டியில் இருப்பதுபோல "காட்டு" என்ற பட்டன் இங்கே இல்லை. மறந்த பாஸ்வேர்டை இங்கிருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணிப் பழைய குறிப்பைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

எந்த வரியை நீக்கலாம்? சர்வர் பெயர், நாஸ் பெயர், 192.168 என்று தொடங்கும் முகவரிகள், டெர்ம்எஸ்ஆர்வி என்று தொடங்கும் ரிமோட் டெஸ்க்டாப் லாகின்கள். நாம் நீக்க வேண்டியவை இவைதான். மைக்ரோசாஃப்ட் ஆபீஸ், ஒன்டிரைவ் என்ற பெயரில் இருப்பதை நீக்கினால் வேர்டும் எக்செலும் மறுபடி சைன்-இன் கேட்கும். அந்த விவரம் கையில் இருந்தால் மட்டும் தொடுங்கள். "வெர்ச்சுவல்ஆப்" என்று தொடங்கும் வரி விண்டோஸ் தானே வைத்துக்கொள்வது. நீக்கினாலும் திரும்ப வரும், விட்டுவிடலாம்.

ஒரே சர்வருக்கு இரண்டு வரிகள் இருப்பதை நிறைய இடங்களில் பார்க்கலாம்: ஒன்று பெயரில், மற்றொன்று ஐபியில். விண்டோஸுக்கு இவை இரண்டும் வெவ்வேறு சர்வர். டெஸ்க்டாப்பில் உள்ள ஷார்ட்கட் பெயர் வழியாகப் போகும், டேலி டேட்டா பாத் ஐபி வழியாகப் போகும். ஒன்றில் பாஸ்வேர்டைத் திருத்திவிட்டு மற்றொன்றை மறந்தால், ஃபோல்டர் திறக்கும், டேலி திறக்காது. எல்லா சிஸ்டத்திலும் ஒரே முறையில், முடிந்தவரை பெயர் வழியாகவே இணையுங்கள்.

புதிதாகச் சேர்க்க வேண்டிய இடத்தில் யூசர் பெயரை வெறுமனே கொடுக்காமல், சர்வரின் பெயர், பின்னால் சாய்ந்த கோடு (\), அதன் பிறகு யூசர் பெயர் என்று கொடுங்கள். வெறும் பெயர் மட்டும் கொடுத்தால் சில நேரம் விண்டோஸ் இந்த சிஸ்டத்தின் பெயரை முன்னால் ஒட்டி அனுப்பிவிடும். சரியான பாஸ்வேர்டு கொடுத்தும் "தவறு" என்று வருவதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

போனில் இன்னொருவருக்கு வழி சொல்ல வேண்டியிருந்தால் கமாண்ட் பிராம்ப்ட்தான் எளிது. சி-எம்-டி-கே-இ-ஒய் என்று சேர்த்து எழுதி, ஓர் இடைவெளி விட்டு, ஸ்லாஷ் போட்டு லிஸ்ட் என்று அடித்தால் சேமித்த எல்லா லாகின்களின் பட்டியலும் வரும், பாஸ்வேர்டு மட்டும் வராது. அதே சொல்லுக்குப் பிறகு ஓர் இடைவெளி விட்டு, ஸ்லாஷ் டெலிட், முக்காற்புள்ளி, சர்வர் பெயர் மூன்றையும் இடைவெளி விடாமல் அடித்தால் அந்த வரி நீங்கும்.

நீக்கிய பிறகும் பழைய லாகினிலேயே ஃபோல்டர் திறக்கிறது என்றால் ஆச்சரியப்பட வேண்டாம். ஏற்கெனவே திறந்த இணைப்பு உயிரோடு இருக்கிறது. நெட் யூஸ் என்று அடித்துப் பாருங்கள், பட்டியலில் தெரியும். நெட் யூஸ், நட்சத்திரக் குறி, ஸ்லாஷ் டெலிட் என்று அடித்து எல்லாவற்றையும் துண்டியுங்கள். அதற்கு முன் டேலியையும் எக்செலையும் மூடிவிட வேண்டும், திறந்த கோப்பு பழுதாகலாம்.

பிழை எண்களை மனப்பாடம் செய்துகொண்டால் பாதி நேரம் மிச்சம். 1326 என்றால் யூசர் பெயரோ பாஸ்வேர்டோ தவறு. 1219 என்றால் ஒரே சர்வருக்கு இரண்டு யூசர் பெயரில் போகப் பார்க்கிறீர்கள். முதல் இணைப்பைத் துண்டித்தால்தான் இரண்டாவது கிடைக்கும். 53 என்றால் சர்வரே கண்ணில் படவில்லை: கேபிள், வைஃபை, பெயர் ஆகியவற்றைப் பாருங்கள், பாஸ்வேர்டைத் தொடாதீர்கள். 5 என்றால் லாகின் சரி, ஆனால் அந்த ஃபோல்டருக்கு அனுமதி இல்லை. 1909 என்றால் அக்கவுன்ட் பூட்டப்பட்டுவிட்டது.

அந்த 1909-ஐக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். விண்டோஸ் 11-ஐ 22ஹெச்2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில் புதிதாக நிறுவியிருந்தால், 10 முறை தவறான பாஸ்வேர்டு வந்ததும் அக்கவுன்ட் 10 நிமிடம் பூட்டிக்கொள்ளும். சர்வரில் "அக்கவுன்ட்ஸ்" என்ற பொது யூசரின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, மூலையில் இருக்கும் ஒரு சிஸ்டத்தில் பழையதை நீக்க மறந்தால், அந்த சிஸ்டம் யாரும் தொடாமலே பழைய பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அனுப்பும். பத்து முறை ஆனதும் அந்தப் பெயரில் வரும் எல்லோருக்கும் கதவு மூடும். பத்து நிமிடத்தில் தானே திறக்கும், மறுபடி மூடும். "சர்வர் விட்டு விட்டு வருது" என்பார்கள். ஸ்விட்சை மாற்றுவார்கள், கேபிளை மாற்றுவார்கள். குற்றவாளியைப் பிடிக்க, சர்வரின் லோக்கல் செக்யூரிட்டி பாலிசியில் ஆடிட் லாகன் ஈவென்ட்ஸ் என்பதற்கு ஃபெயிலியரையும் ஆன் செய்யுங்கள். பிறகு ஈவென்ட் வியூவரில் செக்யூரிட்டி லாகைத் திறந்து 4625 என்ற எண்ணை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். எந்த சிஸ்டம், எந்த ஐபி என்று அதிலேயே எழுதியிருக்கும். ஆளுக்கொரு அக்கவுன்ட் இருந்தால் இந்தத் தொல்லை வந்தாலும் ஒருவரோடு நின்றுவிடும்.

ஸ்கேனரை மறக்காதீர்கள்

பெரிய ஜெராக்ஸ் மெஷின் ஸ்கேன் செய்து சர்வர் ஃபோல்டரில் போடுகிறது என்றால், அதன் அட்ரஸ் புக்கில் சர்வரின் யூசர் பெயரும் பாஸ்வேர்டும் சேமிக்கப்பட்டிருக்கிறது. மெஷினை நிறுவ வந்தவர் அவசரத்துக்கு அட்மின் பாஸ்வேர்டையே போட்டுவிட்டுப் போயிருக்கலாம். முதலில் அதைப் பாருங்கள். சர்வரில் "ஸ்கேன்" என்று தனி யூசர் உருவாக்கி, ஸ்கேன் ஃபோல்டர் ஒன்றுக்கு மட்டும் அனுமதி கொடுத்து, அதை மெஷினில் போடுங்கள். மெஷினின் வெப் பக்கத்துக்கு இருக்கும் அட்மின் பாஸ்வேர்டும் கம்பெனி கொடுத்தபடியே இருந்தால் மாற்றிவிடுங்கள். பேக்கப் சாஃப்ட்வேருக்கும் இதேபோல் தனி யூசர்.

பிரவுசரில் குவிந்திருப்பதைக் காலி செய்வது

கிளையன்ட் போர்ட்டல்களின் பாஸ்வேர்டு பிரவுசரில் இருக்கக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. ஆளுக்கொரு விண்டோஸ் அக்கவுன்ட் வந்த பிறகும்கூட. காரணம் எளிது: ஒரு கிளையன்ட் பாஸ்வேர்டை மாற்றினால் ஒருவர் சிஸ்டத்தில் மட்டும் புதியது இருக்கும், மற்றவர்கள் பழையதைப் போட்டுப் போட்டு அந்த போர்ட்டலில் லாக் ஆவார்கள்.

முதலில் ஒவ்வொரு குரோமிலும் வலது மேல் மூலையில் யாருடைய கூகுள் அக்கவுன்ட் இருக்கிறது என்று பாருங்கள். ஸ்டாஃபின் சொந்த ஜிமெயில் இருந்தால், சேமித்த கிளையன்ட் பாஸ்வேர்டுகள் ஏற்கெனவே அவர் போனிலும் இருக்கக்கூடும். ஆபீஸ் சிஸ்டத்தில் சைன்-அவுட் செய்வதால் அவை அவர் அக்கவுன்ட்டிலிருந்து போகாது. சைன்-இன் ஆகியிருக்கும்போதே மொத்தமாக அழித்தால், அவருடைய சொந்த பேங்க், ரயில் டிக்கெட் பாஸ்வேர்டுகளும் சேர்ந்து அழிந்துவிடும். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, கிளையன்ட் சம்பந்தப்பட்டவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து அவர் கையாலேயே நீக்கச் சொல்வதுதான் முறை. இதில் அவசரப்பட்டால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

நீக்குவதற்கு முன் எக்ஸ்போர்ட் வேண்டும். பாஸ்வேர்டு மேனேஜரின் செட்டிங்ஸில் எக்ஸ்போர்ட் கொடுத்தால் சிஎஸ்வி கோப்பு ஒன்று டவுன்லோட்ஸில் விழும். அதை நோட்பேடில் திறந்தால் தளத்தின் பெயர், முகவரி, யூசர் பெயர், பாஸ்வேர்டு எல்லாம் காற்புள்ளியால் பிரித்து வெட்டவெளிச்சமாக இருக்கும். பூட்டு எதுவும் கிடையாது. எக்ஸ்போர்ட் செய்த பத்து நிமிடத்துக்குள் அடுத்த பகுதியில் சொல்லும் பெட்டிக்குள் ஏற்றிவிட்டு, ஷிஃப்ட்-டெலிட் செய்துவிடுங்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டர் ஒன்டிரைவிலோ பேக்கப்பிலோ சேர்கிறதா என்று முன்னாலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்; சேர்ந்தால் அங்கே ஒரு நகல் உட்கார்ந்துவிடும்.

பிறகு புதிதாகச் சேமிப்பதைத் தடுக்க வேண்டும். குரோம் செட்டிங்கில் "பாஸ்வேர்டு சேமிக்கட்டுமா எனக் கேள்" என்பதை அணைப்பது ஒரு வழி, ஆனால் யாரும் திரும்ப ஆன் செய்துகொள்ளலாம். பாலிசி மூலம் பாஸ்வேர்டு மேனேஜரையும், அக்கவுன்ட் வழியே மற்ற கருவிகளுக்கு நகலெடுக்கும் சிங்க் வசதியையும் நிறுத்தினால் ஸ்டாண்டர்ட் யூசரால் மாற்ற முடியாது. எட்ஜுக்குத் தனியாகச் செய்ய வேண்டும். குரோமைப் பூட்டிவிட்டு எட்ஜை மறந்தால், ஒரே வாரத்தில் எல்லா பாஸ்வேர்டும் எட்ஜுக்குக் குடிபோய்விடும். இந்தப் பாலிசி புதிதாகச் சேமிப்பதைத்தான் தடுக்கும், ஏற்கெனவே சேமித்தது வேலை செய்துகொண்டே இருக்கும். அதனால்தான் காலி செய்வது முதலில், பூட்டுவது பிறகு.

எல்லோருக்கும் பொதுவான ஒரு பெட்டி

இப்போது பல ஆபீஸ்களில் இருப்பது சர்வரில் ஓர் எக்செல் கோப்பு. "புரொடெக்ட் ஷீட்" போட்டிருக்கிறோம் என்பார்கள். அது செல்களைத் திருத்தவிடாமல் தடுக்குமே தவிரக் கோப்பைப் பூட்டாது. படிக்க யாருக்கும் தடை இல்லை. ஃபைல், இன்ஃபோ, என்கிரிப்ட் வித் பாஸ்வேர்டு என்று போட்டால்தான் உண்மையான பூட்டு. அப்போதும் ஒருவர் திறந்து வைத்திருந்தால் மற்றவருக்கு ரீட்-ஒன்லிதான், ஆகவே அவர் தனக்கொரு நகல் எடுத்துக்கொள்வார். நகல் எடுத்த அன்றே ஒழுங்கு போய்விடும்.

செலவில்லாமல் செய்ய, பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் கீபாஸ்எக்ஸ்சி என்ற புரோகிராம் போதும். சர்வர் ஷேரில் ஒரு டேட்டாபேஸ் கோப்பு, அதற்கு நாலைந்து சொற்களால் ஆன நீண்ட மாஸ்டர் பாஸ்வேர்டு. ஒவ்வொரு சிஸ்டத்திலும் புரோகிராமை நிறுவி அந்தக் கோப்பைத் திறக்க வேண்டும். ஒரே நேரத்தில் பலர் திறக்கலாம். ஒருவர் சேமித்தால் மற்றவர் திரையில் அது மறுபடி ஏற்றப்பட்டு, தேவையானால் இருவர் மாற்றங்களையும் இணைத்துக்கொள்ளும். செட்டிங்ஸில் செக்யூரிட்டி பகுதிக்குப் போய் 300 விநாடி தொடாவிட்டால் பூட்டிக்கொள்ளவும், காப்பி செய்த பாஸ்வேர்டு 10 விநாடியில் கிளிப்போர்டிலிருந்து அழியவும், திரை பூட்டினால் டேட்டாபேஸும் பூட்டவும் டிக் வையுங்கள்.

ஒவ்வொரு கிளையன்ட்டுக்கும் ஒரு குரூப், அதற்குள் ஜிஎஸ்டி, வருமான வரி, ட்ரேசஸ் (டிடிஎஸ் தளம்) என்று தனித்தனி என்ட்ரி. தலைப்பில் கிளையன்ட் பெயரும் போர்ட்டல் பெயரும் சேர்ந்து இருக்கட்டும், தேடும்போது உடனே கிடைக்கும். எக்ஸ்பயரி என்ற கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். ஜிஎஸ்டி போர்ட்டல் பாஸ்வேர்டுக்கு 120 நாள்தான் ஆயுள். 110-ஆவது நாளைக் குறித்தால் கடைசித் தேதி நெரிசலில் மாட்டாமல் முன்கூட்டியே மாற்றிவிடலாம். ஹிஸ்டரி பகுதியில் பழைய பாஸ்வேர்டுகள் தேதியோடு இருக்கும். யாரோ தவறுதலாக மாற்றிச் சேமித்துவிட்டால் அங்கிருந்து மீட்கலாம்.

இதன் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். மாஸ்டர் பாஸ்வேர்டு தெரிந்தவருக்கு அந்தக் கோப்பில் உள்ள எல்லாமே தெரியும். குரூப்புக்குக் குரூப் அனுமதி பிரிக்க முடியாது. ஆகவே யார் எதைப் பார்க்கலாம் என்பதை வைத்து இரண்டு மூன்று கோப்புகளாகப் பிரியுங்கள்: ஜிஎஸ்டி வேலை பார்ப்பவர்களுக்கு ஒன்று, வருமான வரிக்கு ஒன்று, ரவுட்டர், நாஸ், அட்மின் பாஸ்வேர்டுகளுக்கு ஒன்று. மூன்றாவது பார்ட்னர் கையில் மட்டும். ஸ்டாஃப் பத்துப் பேரைத் தாண்டினால் பிட்வார்டன் போன்ற, ஆளுக்கொரு லாகின் தரும் கட்டணச் சேவைக்குப் போவது நல்லது. அதில் "பாஸ்வேர்டை மறை" என்று ஒரு அனுமதி உண்டு. லாகின் பக்கத்தில் நிரப்பிய பாஸ்வேர்டை பிரவுசரின் உள்ளே போய்ப் பார்க்கத் தெரிந்தவருக்கு அது தடையே ஆகாது. அதை நம்பி எதையும் கொடுக்காதீர்கள்.

சில விஷயங்கள் இந்தப் பெட்டிக்குள்ளும் வரக் கூடாது. கிளையன்ட்டின் நெட் பேங்கிங் பாஸ்வேர்டு ஆபீஸிலேயே இருக்கக் கூடாது. சலான் கட்டுவதை அவர்களே செய்யட்டும். டிஜிட்டல் கையெழுத்துக்கான டிஎஸ்சி டோக்கனின் பின் எண்ணைச் சின்ன ஸ்டிக்கரில் எழுதி டோக்கன் மேலேயே ஒட்டி, அத்தனையையும் ஒரு டப்பாவில் போட்டு வைக்கும் வழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். டோக்கன் பீரோவில், பின் கிளையன்ட்டிடம். டேலியின் கம்பெனி டேட்டாவைப் பூட்டும் டேலிவால்ட் பாஸ்வேர்டு மட்டும் விதிவிலக்கு. அது மறந்துபோனால் கம்பெனி டேட்டாவைத் திறக்க யாராலும் முடியாது. அதைக் கட்டாயம் பெட்டியில் வையுங்கள், ஒரு தாளில் எழுதி உறையிலிட்டுப் பார்ட்னர் பூட்டி வைக்கட்டும்.

பாஸ்வேர்டே பகிரத் தேவையில்லாத இடங்கள்

இ-வே பில் தளத்தில் முதன்மை லாகினுக்கு உள்ளே சப் யூசர்களை உருவாக்கலாம். ஆளுக்கு ஒரு பெயர், ஒரு மொபைல் எண், எந்த வேலைக்கு அனுமதி என்பது தனி. 2025 ஏப்ரல் 1 முதல் அந்தத் தளத்தில் எல்லோருக்கும் ஓடிபி கட்டாயம் ஆன பிறகு, ஒரே லாகினை நாலு பேர் பயன்படுத்துவது நடைமுறையிலேயே சிரமம்: ஓடிபி ஒருவர் போனுக்குத்தான் வரும், அவர் சாப்பிடப் போனால் லாரி நிற்கும். ட்ரேசஸிலும் சப் யூசர் வசதி உண்டு. வருமான வரித் தளத்தில் ஒரே பான் எண்ணின் கணக்கை இரண்டு பேர் ஒரே நேரத்தில் திறந்தால் முதலில் திறந்தவரின் செஷன் போய்விடும். பாதி நிரப்பிய படிவம் காணாமல் போவதற்கு இதுதான் காரணம், தளம் மந்தம் என்று திட்ட வேண்டாம்.

ஓடிபி எந்த எண்ணுக்கு வருகிறது என்பதே பாஸ்வேர்டைவிடப் பெரிய சாவி. ஜிஎஸ்டியில் பதிவு செய்யும்போது வசதிக்காக ஆபீஸ் ஸ்டாஃபின் சொந்த எண்ணைப் போட்டுவிட்டால், அவர் வேலையை விட்ட பிறகு பாஸ்வேர்டை ரீசெட் செய்யும் அதிகாரமும் அவரோடே போகிறது. திரும்பப் பெற கிளையன்ட் தன் வரி அதிகாரியிடம் போய் மாற்ற வேண்டிவரும். எண்ணும் ஈமெயிலும் கிளையன்ட்டுடையதாகவே இருக்கட்டும்.

ஒருவர் விலகும் நாளில்

ஆர்ட்டிகிள்ஷிப் இப்போது இரண்டு வருடம்தான். ஆகவே இந்த வேலை வருடா வருடம் வரும். செய்யும் வரிசை முக்கியம்.

முதலில் சர்வரில் அவர் அக்கவுன்ட்டை டிசேபிள் செய்யுங்கள். டெலிட் வேண்டாம், அவர் பெயரில் உள்ள கோப்பு அனுமதிகளைச் சரிபார்க்க ஒரு மாதமாவது அது இருக்கட்டும். டிசேபிள் செய்தாலும் ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பு அறுபடாது. செஷன்ஸ் பட்டியலில் அவர் பெயரைப் பிடித்து குளோஸ் செஷன் கொடுக்க வேண்டும். அடுத்து அவர் உட்கார்ந்த எல்லா சிஸ்டத்திலும் அவருடைய விண்டோஸ் அக்கவுன்ட். பிறகு ரிமோட் வேலைக்குக் கொடுத்த எனிடெஸ்க் பாஸ்வேர்டு, வைஃபை பாஸ்வேர்டு.

கீபாஸ் கோப்பின் மாஸ்டர் பாஸ்வேர்டை மாற்றுவதோடு நின்றுவிடாதீர்கள். அவரிடம் பழைய கோப்பின் நகல் இருந்தால், அது பழைய மாஸ்டர் பாஸ்வேர்டிலேயே திறக்கும். அவர் பார்த்த கோப்பில் உள்ள போர்ட்டல் பாஸ்வேர்டுகளையே மாற்ற வேண்டும். 150 கிளையன்ட் என்றால் மலைப்பாக இருக்கும். கோப்புகளை வேலைவாரியாகப் பிரித்து வைக்கச் சொன்னதன் பலன் அன்றைக்குத் தெரியும்: அவர் பார்த்தது ஜிஎஸ்டி கோப்பு மட்டும் என்றால் அதை மட்டும் மாற்றினால் போதும். 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி 3பி. இரண்டுக்கும் இடைப்பட்ட நாளில், இருவர் உட்கார்ந்து, மாற்றியதை உடனுக்குடன் பெட்டியில் ஏற்றிக்கொண்டே போக வேண்டும். மாற்றியதை மாலையில் ஏற்றலாம் என்று தாளில் எழுதி வைத்தால் ஒன்றிரண்டு கட்டாயம் தவறிப்போகும்.

எல்லாம் முடிந்ததும் வேறொரு சிஸ்டத்திலிருந்து, விலகியவரின் பெயரிலும் பழைய பாஸ்வேர்டிலும் சர்வருக்குள் போகப் பாருங்கள். 1331 என்ற எண்ணோடு அக்கவுன்ட் நிறுத்தப்பட்டதாக வந்தால் அந்தக் கதவு மூடியாயிற்று. ஃபோல்டர் திறந்தால், அந்த ஷேரில் எல்லோரையும் குறிக்கும் எவ்ரிஒன் என்ற பெயருக்கு அனுமதி கொடுத்து, கெஸ்ட்டையும் திறந்து விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அன்றே அதை எடுத்துவிட்டு, பெயர் பெயராக அனுமதியைப் போடுங்கள்.